கறுக்க மறந்த மீன்

எங்கள் வீட்டு ஹாலில் தனித் தொட்டியில் ஒரு டிஸ்கஸ் ஜோடி இருக்கிறது. கொளத்தூரில் வாங்கியது. சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்தி வைத்த மாதிரி உடம்பு, பழுத்த பப்பாளி நிறம், சிவந்த கண். இந்த நிறத்தில் ஒரு டிஸ்கஸ் உலகத்தின் எந்த ஆற்றிலும் கிடையாது.

அதன் பூர்வீகம் அமேசான் படுகை. அங்கே ரியோ நெக்ரோ என்று ஒரு துணையாறு. கறுப்பு ஆறு என்றே அர்த்தம். உதிர்ந்த இலையும் கட்டையும் ஊறி ஊறி, தண்ணீர் டிகாக்‌ஷன் போல ஓடும். உப்பு அநேகமாக இல்லை, லேசான புளிப்பு, எப்போதும் வெதுவெதுப்பு. மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளுக்கு நடுவே டிஸ்கஸ் கூட்டமாக நிற்கும். உடம்பில் மேலிருந்து கீழாக 9 கறுப்புப் பட்டைகள். கிளையின் நிழல் எது, மீன் எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

ஆஸ்திரியாவின் யோஹான் நாட்டரர் 1817 முதல் 1835 வரை பிரேசிலில் அலைந்து சேர்த்த உயிரினங்களில் இதுவும் ஒன்று. வியன்னாவில் யோஹான் யாக்கோப் ஹெக்கல் 1840-இல் இதற்கு சிம்ஃபிசோடான் டிஸ்கஸ் என்று பெயர் வைத்தார். அவர் மேஜையில் கிடந்தது உயிரற்ற உடல். இந்த மீன் குஞ்சை எப்படி வளர்க்கும் என்பதை அதைப் பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அது தெரியவர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. டிஸ்கஸ் உயிரோடு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்த் தொட்டிகளில் முட்டையிட்டபோது, ஏஞ்சல் மீனுக்குச் செய்வதைப் போல முட்டையைத் தனியே எடுத்துப் பொரிக்க வைத்தார்கள். பொரித்த குஞ்சுகள் சில நாள் நீந்தி, பட்டினியில் செத்தன. பெற்றோரின் தோலில் ஊறும் கோழைதான் அவற்றின் முதல் சாப்பாடு. தாய் மட்டுமல்ல, தகப்பனும் ஊட்டும். 1959-இல் ஹில்டமான் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். 2010-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் அந்தக் கோழையை எடுத்துச் சோதித்தார்கள். முட்டையிட்ட சமயத்தில் அதில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுகின்றன. மூன்றாவது வாரத்தில் பெற்றோர் குஞ்சுகளை விட்டு விலகி விலகி நீந்தத் தொடங்கும். நம் வீட்டு மாட்டின் சீம்பாலும், கன்றை எட்டித் தள்ளும் பால்மறப்புக் காலமும் அப்படியே ஒரு மீனிடம்! படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு நிறம் தேடும் காலம் வந்தது. ஃபுளோரிடாவில் ஜாக் வாட்லி, ஜெர்மனியில் டாக்டர் ஷ்மிட்-ஃபோக்கே போன்றவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணைத்து, பழுப்பு உடம்பில் இருந்த நீலக் கீற்றுகளை உடம்பு முழுக்கப் பரப்பினார்கள். அதன் பின் மலேசியாவும் தாய்லாந்தும். 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து வெளியே வந்த வகைக்கு ‘பிஜன் பிளட்’ என்று பேர். அதில் பட்டைகளே இல்லை. இன்று கடையில் மின்னும் மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. என் ஜோடியும்தான்.

அந்த நிறத்துக்கு மீன் கொடுத்த விலை கொஞ்சமல்ல. ஆற்று டிஸ்கஸ் குஞ்சு வைத்திருக்கும்போது உடம்பு கறுத்துவிடும். நீந்தத் தொடங்கி இரண்டு நாள்கூட ஆகாத குஞ்சுக்கு அந்தக் கறுப்புதான் அடையாளம். பிஜன் பிளட்டுக்குக் கறுக்க வராது.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் ஈட்டு முட்டைகளை ஜோடியே தின்றுவிட்டது. புது ஜோடிக்கு இது சகஜம். இரண்டாவது ஈடு வெள்ளையாகிப் பூசணம் பிடித்தது. எங்கள் போர்த் தண்ணீர் பக்கெட் ஓரத்தில் சுண்ணாம்பாகப் படியும். ஆற்று முட்டை அதில் எப்படிப் பிழைக்கும்? ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறினேன். மூன்றாவது ஈடு, முட்டையிட வைத்த மண் கோனில் 150 முட்டைக்கு மேல். மூன்றாம் நாள் பொரித்து வால்கள் துடித்தன. ஐந்தாம் நாள் காலை குஞ்சுகள் கோனை விட்டுக் கிளம்பின, கண்ணிமை முடி அளவில். கிளம்பியவை நேராகப் போய்க் கறுப்பு ஹீட்டரிலும் கறுப்பு ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் ஒட்டிக்கொண்டன. தாயும் தகப்பனும் ஒரு சாண் தள்ளி, பளபளவென்று மஞ்சளாக நின்றன. இரண்டே நாளில் எல்லாம் போயின. ஹீட்டர் கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருந்த அந்த வாய்களை நினைத்தால் இன்றும் வயிறு பிசைகிறது. இந்த வகையை விற்பவர் இந்த ஒரு விஷயத்தையாவது வாங்குபவர் காதில் போட வேண்டும்.

பழுப்பு ஜோடியிடம் முட்டையைக் கொடுத்து வளர்ப்பவர்கள் உண்டு. என்னிடம் ஒரே ஜோடி. நான்காவது ஈடு சித்திரையில் வந்தது. சென்னை வெயிலில் தண்ணீர் தானாகவே 30 டிகிரி; ஹீட்டரை எடுத்துவிட்டேன். குஞ்சு நீந்தும் நாளில் ஃபில்டர், கோன் எல்லாவற்றையும் வெளியேற்றினேன். தண்ணீரை அரையடிக்கு இறக்கி, ஒரு வெள்ளைக் காற்றுக்குழாயில் மட்டும் மெல்லக் குமிழி விட்டேன். தொட்டியில் குஞ்சு போக வேறு இடமே இல்லை. ராத்திரியும் விளக்கை அணைக்கவில்லை.

காலை ஐந்தரைக்குப் பார்த்தேன். தகப்பன் விலாவில் சீரகம் தூவிய மாதிரி நாற்பது ஐம்பது. அது சட்டென்று உடம்பை ஒரு உதறு உதறியது. உதிர்ந்த குஞ்சுகள் தண்ணீரில் ஒரு நொடி தடுமாறி, பக்கத்தில் காத்திருந்த தாயின் மேல் போய் ஒட்டின. தகப்பன் தீனி தேடி மூலைக்குப் போனது. குஞ்சுகளின் அடுத்த தீனிக்காக நான் ஆர்ட்டீமியா முட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட இன்னும் ஐந்து நாள் இருந்தது.