மாட்டுங்கா பட்டறையும் மோதும் பெட்டிகளும்

1853இல் போரி பந்தரிலிருந்து தானேவுக்கு முதல் பயணிகள் ரயிலை விட்ட ஜி.ஐ.பி. ரயில்வே, பெட்டிகளையும் வேகன்களையும் பழுதுபார்க்க 1915இல் மாட்டுங்காவில் ஒரு பட்டறை அமைத்தது. 1951 முதல் அது மத்திய ரயில்வேயைச் சேர்ந்தது. இப்படிப்பட்ட பட்டறைகளில் பஃபருக்கும் கப்ளிங்குக்கும் ஓயாத வேலை உண்டு. பெட்டிகளைக் கோக்கும்போதெல்லாம் விழும் அடியை வாங்குபவை அவைதாம்.

அந்த அடியின் கணக்கை 1668இல் ஜான் வாலிஸ் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். இதே கேள்வியை ஆராய்ந்த அறிஞர்கள் ரென்னும் ஹைகன்ஸும் மோதித் துள்ளும் பொருள்களை எடுத்துக்கொள்ள, வாலிஸ் மோதி ஒட்டிக்கொள்பவற்றை, அதாவது மீட்சியற்ற மோதலை, ஆராய்ந்தார். பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் யார்டுக்குப் பொருந்துவது அவருடைய கணக்குதான்.

மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் வரும் 40 டன் வேகன், நின்றிருக்கும் இன்னொரு 40 டன் வேகனில் மோதிக் கோத்துக்கொள்கிறது என்போம். மொத்த உந்தம் மாறாது. நகரும் நிறை இரட்டிப்பதால் வேகம் 3 கி.மீ. ஆகிறது. இயக்க ஆற்றலோ பாதியாகிறது. தொலைந்த பாதி, ஏறத்தாழ 28 கிலோ ஜூல், சத்தமாகவும் வெப்பமாகவும் உலோகத்தின் நெளிவாகவும் போகிறது. எத்தனை நல்ல பஃபரும் இந்த இழப்பைத் தடுக்காது. மோதும் நேரத்தை நீட்டி விசையைக் குறைப்பதும், ஆற்றலைத் தன் உராய்வில் வாங்கிக்கொள்வதும்தான் அதன் வேலை. வெறும் ஸ்பிரிங்காக இருந்தால் வாங்கியதைத் திருப்பித் தள்ளிவிடும். கோக்க வந்த வேகன் நின்றுபோக, நின்றிருந்த வேகன் விலகி ஓடும்.

1955இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை தயாரித்த பெட்டிகளில் இரு பக்கமும் பஃபர், நடுவில் திருகு கப்ளிங். கோக்க ஓர் ஆள் பெட்டிகளுக்கு நடுவே இறங்க வேண்டும். ரயில்வேயின் ஆபத்தான வேலைகளில் அது ஒன்று. பெரும் விபத்தில் இந்த அமைப்பின் குறை இன்னும் கொடுமையாகத் தெரிந்தது: ஒரு பெட்டி அடுத்ததன்மேல் ஏறிவிடும், ஆற்றலையெல்லாம் பயணிகள் இருக்கும் கூடே வாங்கும்.

2000இல் ஜெர்மனியிலிருந்து வந்த எல்.எச்.பி. பெட்டிகளில் பக்க பஃபர் இல்லை. நடுவிலுள்ள கப்ளரே இழுக்கும், தாங்கும், மேலே ஏறவிடாமலும் பிடிக்கும். பழைய வகைப் பெட்டியின் தயாரிப்பைப் பெரம்பூர் 2018இல் நிறுத்தியது. ஆனால் புதிய பெட்டிகளில் வண்டி கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் குலுக்கல் அதிகம் என்று பயணிகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். குறை நியாயமானதே. கப்ளர்களின் சிறு தளர்வு மூடும் ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டி மீட்சியற்ற மோதல். அதைக் குறைக்கத்தான் ரயில்வே பின்னர் கப்ளருக்குப் பின்னால் அதிர்வை வாங்கும் டிராஃப்ட் கியரை மாற்றியது.