அம்மாவின் சர்வேசுரன்

அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அவளுடைய கடைசி நாட்களில் நடந்த ஒரு சின்ன விஷயம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்லுமுன் கொஞ்சம் சரித்திரமும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

அம்மா முத்துக்குளித்துறைக்காரி. தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. அந்தக் காலத்தில் இப்படி ஒரு கல்யாணம் லேசான காரியம் இல்லை. இரண்டு வீட்டாரும் பல வருஷம் பேசிக்கொள்ளவே இல்லை. அப்பாவுக்கு ஆவடியில் வேலை. நாங்கள் அங்கேயே வளர்ந்து, பிற்பாடு குத்தம்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம்.

வீட்டில் ஒரே சாமிதான், பெயர்தான் இரண்டு. அம்மாவுக்கு சர்வேசுரன், அப்பாவுக்குத் தேவன். அம்மா 'சேசு' என்பாள், அப்பா 'இயேசு' என்பார். அப்பாவின் 'பரிசுத்த ஆவி' அம்மாவின் வாயில் 'இஸ்பிரீத்து சாந்து'. அது போர்த்துக்கீசியர் காலத்துச் சொல் என்பது அம்மாவுக்குத் தெரியாது. சின்ன வயசில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு படிப்பாளி ராத்திரி பகலாக உட்கார்ந்து யோசித்திருக்கிறான் என்பது ரிட்டயர் ஆன பிறகு படித்தபோதுதான் புரிந்தது.

1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்று 16 பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் அச்சானது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான். போட்டவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற சேசு சபைப் பாதிரியார். அம்மா ஊர்ப்பக்கக் கடற்கரை மக்களிடம் தமிழ் கற்றவர். கடவுளுக்கு அவர் எடுத்த சொல், தலைப்பிலேயே இருக்கிற 'தம்பிரான்'. அரசனையும் தலைவனையும் அழைக்கிற சொல் அது.

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தே நோபிலி வேறு வழியில் போனார். காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, சமஸ்கிருதமும் தமிழும் படித்தவர். படித்தவர்கள் மதிக்கிற சொல் வேண்டும் என்று 'சர்வேசுரன்' என்பதைப் புழக்கத்தில் விட்டார். எல்லாவற்றுக்கும் ஈசுவரன். கத்தோலிக்கர் வாயில் அது முந்நூறு வருஷத்துக்கு மேல் நின்றது.

1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு புராட்டஸ்டண்டுக்காரர். ஆனாலும் கத்தோலிக்கர் எழுதிவைத்த தமிழ்ப் புத்தகங்களிலிருந்துதான் சொற்களை எடுத்தார். அவர் மொழிபெயர்த்துத் தரங்கம்பாடியிலேயே 1715-ல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டிலும் சர்வேசுரன்தான். ஆக, அப்பாவின் முன்னோர் கட்சிக்காரர்களும் முதலில் அம்மாவின் சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்கள்! இது தெரிந்தபோது அப்பா உயிரோடு இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

அதை மாற்றியவர் நம்ம வேப்பேரிக்காரர், ஃபப்ரீஷியஸ். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து ஓர் அச்சு இயந்திரத்தையும் கொண்டுவந்தார்கள். அது வேப்பேரியில் அவர் கைக்கு வந்தது. அதில் அவர் அச்சிட்ட வேதாகமத்தில் 'பராபரன்' வந்தது. 'ஈசுவரன்' என்றால் சிவன் நினைவு வரும், பொதுவான சொல் வேண்டும் என்பது இந்த மாற்றத்துக்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் தாயுமானவர் பாடிய பராபரக்கண்ணியும் நம்மிடம் இருக்கிறதே! தமிழில் கடவுளைக் குறிக்கும் எந்தச் சொல்லை எடுத்தாலும் அதை ஏற்கெனவே ஒரு பக்தன் பாடி வைத்திருப்பான். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர் இருக்கிறது. புதுசாகச் செய்த சொல் எங்கே கிடைக்கும்?

லுத்தரன் சபையார் பராபரனை நெடுங்காலம் விடவில்லை. மற்றவர்களுக்காக ஹென்றி பவர் தலைமையில் பல சபைகளும் சேர்ந்து ஒரு திருப்புதலைக் கொண்டுவந்தன. 1871-ல் வந்த அதில்தான் 'தேவன்' நிலைபெற்றார். முப்பத்துமுக்கோடி தேவர்கள் இருக்கிற நாட்டில் ஒரே கடவுளைத் தேவன் என்பது பொருத்தமா என்று அப்புறம் கேள்வி வந்தது. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் முதல்வராக இருந்த டேனிஷ்காரர் லார்சன் முன்னின்று செய்த அடுத்த திருப்புதல் 'கடவுள்' என்றது. சபை மக்கள் அதைக் கையில் எடுக்கவில்லை. தேவன் அதற்குள் அவர்கள் நாக்கில் ஊறிவிட்டார்.

கத்தோலிக்கப் பக்கம் மாற்றம் வந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) அப்புறம். லத்தீன் போய் பீடத்தில் தமிழ் வந்தது. வந்த தமிழும் தனித்தமிழ்க் காற்றுப் பட்ட தமிழ். பூசை திருப்பலி ஆயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று, சர்வேசுரன் கடவுள் ஆனார். 1995-ல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலும் கடவுள்தான். படிப்பின் பெயரே மாறிப்போயிற்று. தேவ சாஸ்திரம் என்று இருந்தது இறையியல் ஆனது. 1969-ல் மதுரை அரசரடியில் தொடங்கிய கல்லூரியின் பெயரே தமிழ்நாடு இறையியல் கல்லூரி. இந்தக் கதையை முழுசாகப் படிக்க விரும்புகிறவர்கள், யாழ்ப்பாணத்துப் பேராயர் சபாபதி குலேந்திரன் 1967-ல் தமிழ் வேதாகம வரலாறு பற்றி எழுதிய புத்தகத்தைத் தேடிப் பிடியுங்கள்.

இப்போது அம்மாவிடம் வருகிறேன்.

கடைசி மாதம் அவள் படுத்த படுக்கை. பேச்சு குறைந்துவிட்டது. குருவாகப் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், தெரிந்த குடும்பத்துப் பிள்ளை, வந்து பக்கத்தில் அமர்ந்து ஜெபித்தார். அழகான தமிழ், ஒரு வடசொல் இல்லை. அம்மா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எய்யா, இவரு யாரைக் கும்பிடுதாரு?"

அந்தப் பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர்மேல் குற்றம் ஒன்றும் இல்லை. கோவிலில் ஐம்பது வருஷமாக அம்மாவும் புதிய ஜெபங்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் நினைவு மங்கியபோது மேலே படிந்தது கரைந்து போய், ஆறேழு வயசில் பாட்டி சொல்லிக்கொடுத்தது மட்டும் அடியில் தங்கியிருந்தது.

நான் பக்கத்தில் போய், அவள் எனக்குச் சின்ன வயசில் சொல்லிக்கொடுத்த பழைய ஜெபத்தை ஆரம்பித்தேன். எனக்கே பாதி மறந்திருந்தது. நான் தடுமாறிய இடத்தில் அவள் உதடு அசைந்தது. சர்வேசுரன் வந்த இடத்தில் சத்தமே வந்தது. அந்தப் பிள்ளை எழுந்து போகவில்லை. நான் சொல்லச் சொல்ல அவரும் பின்னாலேயே சொன்னார். முடிந்ததும், "அந்த ஜெபத்தை எழுதிக் கொடுங்க அங்கிள், நாங்க இதையெல்லாம் பாடத்துலதான் பாக்குறோம்" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

நோபிலி, ஃபப்ரீஷியஸ், பவர், 1995-ல் உட்கார்ந்தவர்கள், யாருமே தப்பாக யோசிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் நியாயம் இருந்தது. நானே இப்போது கடவுள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் சொல்லை மாற்றும் சபைகளில் எங்கள் அம்மா மாதிரி கிழவிகளுக்கு நாற்காலி போட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. பழைய ஜெபத்தையும் ஒரு மூலையில் வைத்திருக்கலாம். சாகும்போது தேவைப்படுகிறது.

அப்பாவின் கல்லறைக் கல்லில் 'தேவன்' என்று இருக்கிறது. அம்மாவின் கல்லுக்கு என்ன போடுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது, கடவுள் என்றே போடுங்கள் என்றான் என் மகன். நான் கேட்கவில்லை. 'சர்வேசுரனின் அடியாள்' என்று எழுதிக் கல் செதுக்குபவரிடம் கொடுத்தேன்.

அவர் தாளைப் பார்த்துவிட்டு, "சார், எழுத்து விட்டுப்போச்சு. சர்வேஸ்வரன்னு சரியாப் போட்டுடட்டுங்களா?" என்றார்.

"வேண்டாம்ப்பா, எழுதினபடியே போடு. எங்க அம்மா அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றேன்.