பஞ்சாங்கத்தில் இரண்டு இராகு

வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்புகளால் அமைந்தது பஞ்சாங்கம். இவற்றுள் வாரம் ஒழிந்த நான்கும் ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் நிலைகளைக் கொண்டு கணிக்கப்படுவன. வாரமோ ஏழு நாள்களின் தொடர்ந்த எண்ணிக்கை மட்டுமே; வானில் அதற்குச் சான்றில்லை. இவ்வேறுபாட்டை உணர ஒரு வரலாற்றுச் செய்தி நமக்கு உதவும்.

1825இல் புதுச்சேரியிற் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், நிலத்திற் சோகிகளைப் பரப்பி, மனனஞ் செய்த வாய்பாடுகளின் துணைகொண்டு, அவ்வாண்டு மே இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை யோன் வாரன் என்னும் ஐரோப்பிய அதிகாரிக்குக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே வழுவெனக் கணித வரலாற்றறிஞர் நொய்கெபவர் 1952இல் எடுத்துக்காட்டினார்.

கிரகணக் கணிதத்தில் இராகு என்பது ஞாயிற்றின் பாதையைத் திங்களின் பாதை வெட்டும் புள்ளியாகும். அது வான்வட்டத்தைச் சுற்றிவர ஏறத்தாழ 18.6 ஆண்டுகள் செல்லும். நாள்தோறும் நாம் பார்க்கும் இராகுகாலமோ பகற்பொழுதை எட்டுக் கூறாக்கி, திங்கட்கிழமைக்கு இரண்டாவது, சனிக்கிழமைக்கு மூன்றாவது எனக் கிழமைக்கொன்றாக ஒதுக்கியதாகும். பெயர் ஒன்றாயினும் அப்புள்ளியின் அசைவுக்கும் இப்பொழுதுக்கும் தொடர்பில்லை.

முன்னதைக் கிரகணந்தோறும் வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். பின்னதை ஒப்பிட வானில் ஏதுமில்லை. உழைப்பால் விளைந்த அறிவை மூடநம்பிக்கையெனத் தள்ளுதலும், மூடநம்பிக்கையை அவ்வறிவின் பெயராற் காத்தலும் நமக்குத் தகா.