கிழிந்த ஸ்பீக்கரும் மூன்று ட்ரான்ஸிஸ்டர்களும்

எலெக்ட்ரிக் கிதாரின் விசித்திர சப்தங்களைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் ஒரு விபத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1951 மார்ச்சில் ஐக் டர்னரின் குழு மிஸிஸிப்பியிலிருந்து மெம்ஃபிஸுக்குக் காரில் போகிறது. வழியில் ஆம்ப்ளிஃபையர் பழுதாகிவிடுகிறது. மழையில் நனைந்ததா, காரின் மேலிருந்து விழுந்ததா என்பதில் சொல்பவருக்குச் சொல்பவர் கதை மாறும். ரிக்கார்டிங் கூடத்தில் ஸாம் ஃபிலிப்ஸ் கிழிந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து, வில்லி கைஸார்ட்டை வாசிக்கச் சொல்கிறார். ‘ராக்கெட் 88’ இசைத்தட்டில் கிதார் கரகரவென்று உறுமுகிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த விபத்துக் கதைகளின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஸ்பீக்கர் கிழிவது ஒரு பெரிய விஷயமே இல்லை. நம் கோவில் திருவிழாக்களில் கட்டிய குழாய்களெல்லாம் வருஷக்கணக்காகக் கரகரத்திருக்கின்றன. அதிலிருந்து ஒரு இசையும் பிறக்கவில்லை. பழுதைக் கேட்டு, ‘அப்படியே இருக்கட்டும்’ என்று சொன்ன ஒரு காது மெம்ஃபிஸில் இருந்தது. எழுதப்படவேண்டியது அந்தக் காதின் சரித்திரம். விபத்து என்று சொல்லிவிடும்போது, தீர்மானித்தவனை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

பழுதுக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் பழுதைத் தாங்களே செய்துகொண்டார்கள். லிங்க் ரே பென்ஸிலால் ஸ்பீக்கரைக் குத்தி ஓட்டை போட்டார். 1958-ல் வந்த அவருடைய ‘ரம்பிள்’, ஒரு சொல்கூட இல்லாமல், சில வானொலி நிலையங்களில் தடை செய்யப்பட்டது. இளைஞர்கள் தெருச்சண்டைக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று பயம். 1964-ல் லண்டனில் ‘கிங்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ் ஸவர பிளேடால் ஸ்பீக்கர்க் காகிதத்தைக் கிழித்தார்.

இதற்குள் நாஷ்வில்லில் வேறொன்று நடந்துவிட்டது. 1960-ன் கடைசியில் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாட்டு ஒலிப்பதிவாகிறது. அடக்கமான, கண்ணீர் கலந்த நாட்டுப்புறப் பாட்டு. நடுவில் கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பாஸ் கிதாரில் ஒரு சிறு தனி வாசிக்கிறார். கலவை மேஜையில் அந்த வாத்தியம் வந்த வழியில் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போயிருந்தது. பாட்டின் மத்தியில் திடீரென்று யாரோ தகரத்தை வாயில் வைத்து ஊதுவதுபோல் ஒரு சப்தம். எடுத்துவிடலாமா என்று யோசித்து, விட்டுவிட்டார்கள். பாட்டு 1961-ல் பெரும் வெற்றி. மற்றவர்களும் அந்தச் சப்தம் வேண்டுமென்று கேட்டு வந்தபோது, கெட்டுப்போயிருந்த ட்ரான்ஸ்ஃபார்மர் முற்றிலுமாகச் செத்துப்போயிருந்தது. அதாவது, பழுதே பழுதாகிவிட்டது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்ற எஞ்ஜினீயருடன் சேர்ந்து அதே கோளாறைச் செய்யும் ஒரு சுற்றை உட்கார்ந்து வடிவமைத்தார். கிப்ஸன் கம்பெனி அதை வாங்கி, 1962-ல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்று வெளியிட்டது. ஒரு சின்ன உலோகப் பெட்டி, உள்ளே மூன்று ஜெர்மானியம் ட்ரான்ஸிஸ்டர்கள், இரண்டு ஒன்றரை வோல்ட் பாட்டரிகள். காலால் அமுக்கினால் கோளாறு. மறுபடி அமுக்கினால் நிவர்த்தி.

பெட்டிக்குள் நடப்பது சிக்கலானதல்ல. தந்தியின் அலை மேலும் கீழும் வளைந்து வருகிறது. சுற்றால் அந்த உயரத்துக்கு ஈடுகொடுக்க முடியாததால் அலையின் உச்சியும் அடியும் வெட்டப்பட்டுத் தட்டையாகின்றன. வெட்டுப்பட்ட முனைகளிலிருந்து, தந்தியில் இல்லாத மேல் ஸ்வரங்கள் புறப்படுகின்றன. அதனால் கரகரப்பு. இன்னொன்றும் நடக்கிறது. மீட்டிய தந்தியின் ஒலி பிறந்த கணத்திலிருந்தே செத்துக்கொண்டு வருவது. வீணைக்கும் இதே விதிதான். உச்சி வெட்டப்படும்போது, பெரிய ஒலிக்கும் அது தேய்ந்த ஒலிக்கும் வித்தியாசம் குறைந்துவிடுகிறது. மீட்டல் மறைந்து, ஊதுவதுபோன்ற நீட்சி கிடைக்கிறது.

கம்பெனி அதைக் காற்று வாத்தியங்களுக்குப் பதிலி என்று விற்கப் பார்த்ததற்குக் காரணம் இதுதான். ட்ரம்பெட், ட்ராம்போன், ட்யூபா எல்லாம் உங்கள் கிதாரிலிருந்தே வரும் என்றார்கள். வரவில்லை. பெட்டியும் விற்கவில்லை. 1965 மே மாதம் ஹாலிவுட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் ‘ஸாடிஸ்ஃபேக்ஷன்’ பாட்டுக்கு அந்தப் பெட்டியில் வாசித்ததும் ஊதுகுழல்களை மனதில் வைத்துத்தான். குழல்கள் பிறகு சேரும், இது வெறும் முன்வரைவு என்பது அவர் எண்ணம். மற்றவர்கள் அதையே வெளியிட்டுவிடலாம் என்றார்கள், ரிச்சர்ட்ஸுக்கு இஷ்டமில்லை. இங்கே கேட்ட காது வாசித்தவனுடையதுகூட இல்லை. அந்த வருஷமே ஓட்டிஸ் ரெட்டிங் நிஜக் குழல்களோடு அதைப் பாடினார். மிக அருமையான பாட்டு. ஆனாலும் அந்த ஸ்வரவரிசை ஜனங்களின் ஞாபகத்தில் பெட்டியின் குரலிலேயே தங்கிவிட்டது. முன்வரைவு மூலத்தை வெளியே தள்ளிவிட்டது.

வெளியே தள்ளப்பட்ட இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே 1965-ல் ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழு ‘ஹார்ட் ஃபுல் ஆஃப் ஸோல்’ பாட்டுக்கு லண்டனில் ஒரு சித்தார்க் கலைஞரை வரவழைத்தது. வாசித்தார். போதுமான காரம் இல்லை என்று, ஜெஃப் பெக் அதே ஸ்வரங்களை ஃபஸ் கிதாரில் வாசித்தார். அந்த வடிவம்தான் இசைத்தட்டாக வந்தது. ஒதுக்கப்பட்ட சித்தார் வடிவமும் பிற்காலத்தில் வெளியாகியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். சித்தார் கூச்சத்தோடு நிற்கிறது. கிதார் சித்தாரைப் போலவும் இல்லை, கிதாரைப் போலவும் இல்லை. அவர்களுடைய முடிவு சரியென்றே எனக்குப் படுகிறது. அதைக் ‘கீழைநாட்டு ஒலி’ என்று அழைத்த புகழுரைகள்தான் சரியில்லை.

ஏனென்றால் இந்தப் பிசிறு நமக்குப் புதிதில்லை. நாம் அதைப் பழுது என்று அழைக்கவில்லை, அவ்வளவே. தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலை வைத்து, நகர்த்தி நகர்த்தி, தந்தி குதிரையின் வளைவில் உரசி ரீங்கரிக்கும் இடத்தைத் தேடுகிறார்கள். அந்த நூலின் பெயர் ஜீவா. திருச்சியில் பிறந்த ஸி.வி. ராமன் 1921-ல் இந்திய தந்தி வாத்தியங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை எடுத்துக்கொள்கிறார். தந்தியை ஒரு புள்ளியில் மீட்டினால், அந்தப் புள்ளியில் அசைவற்றிருக்கும் மேல் ஸ்வரங்கள் பிறக்கக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை தெளிவாகக் கேட்கின்றன. வளைந்த குதிரை விதியை மீறிவிடுகிறது. தந்தியிலிருந்து வரக்கூடாத ஸ்வரங்களை வரவழைப்பது என்ற அளவில் நூலும் ட்ரான்ஸிஸ்டரும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஒன்றை உயிர் என்று அழைத்தார்கள், மற்றதைக் கோளாறு என்று.

வா-வா பெடலின் கதையும் நகலில்தான் ஆரம்பிக்கிறது. 1966-ல் கலிஃபோர்னியாவில் பிராட் பிளங்கெட் என்ற எஞ்ஜினீயர், ஆம்ப்ளிஃபையரின் ஒரு ஸ்விட்சுக்குப் பதிலாக, செலவைக் குறைக்க, திருகு குமிழ் ஒன்றைப் பொருத்திப் பார்க்கிறார். அதைத் திருப்பத் திருப்ப கிதார் ‘ஊ’விலிருந்து ‘ஆ’வுக்குப் போய்வருகிறது. ஆர்கனின் கால்மிதிக்குள் சுற்றை வைத்தார்கள். ட்ரம்பெட்டின் வாயை மூடித் திறந்து வாசித்த கிளைட் மெக்காயின் பெயரைச் சூட்டினார்கள். காற்று வாத்தியக்காரர்களுக்கே விற்கலாம் என்பது முதல் யோசனை.

போலி செய்வதை நிறுத்தி இந்தப் பெட்டிகள் தாமாகப் பேச ஆரம்பித்தது ஜிமி ஹென்ட்ரிக்ஸிடம்தான். அவருக்குப் பெட்டிகள் செய்து கொடுத்த ராஜர் மேயர், பிரிட்டிஷ் கடற்படை ஆராய்ச்சியில் ஒலியதிர்வுகளை ஆராய்ந்து பழகியவர். 1967-ல் ‘பர்பிள் ஹேஸ்’ பாட்டில் கேட்கும் ஆக்டேவியா அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிடுகிறது. ஸ்வரத்தின் மேல் அதன் மேல்ஸ்தாயி பேய்போல் நிற்கிறது. பின்னால் சேர்ந்த யூனி-வைப் ஜப்பானிலிருந்து வந்தது. அதை வடிவமைத்த ஃபுமியோ மியேதா, மாஸ்கோ வானொலி வானத்தில் அலைந்து வந்து சேரும்போது கேட்ட ஏற்ற இறக்கத்தைப் பிடிக்க முயன்றதாகச் சொல்லியிருக்கிறார். சிற்றலை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அலைச்சல் விளக்கமில்லாமலே புரியும்.

1970 ஜனவரி 1 அன்று நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட்டில் ‘மெஷின் கன்’. ஹென்ட்ரிக்ஸ் முன்னாள் பாராசூட் சிப்பாய். ஷிகாகோவிலும் மில்வாக்கியிலும் நியூயார்க்கிலும் சண்டையிடும் சிப்பாய்களுக்கு என்று சமர்ப்பித்துவிட்டு, வியட்நாமை அப்புறம் ஞாபகம் வந்ததுபோல் சேர்க்கிறார். பன்னிரண்டு நிமிஷங்களுக்கு மேல் நீளும் அந்தப் பாட்டில் துப்பாக்கி வருகிறது, ஹெலிகாப்டர் வருகிறது. இதுவும் நகல்தான் என்பார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. தனி வாசிப்பின் துவக்கத்தில் ஒரே ஒரு ஸ்வரம் இழுபட்டு நிற்கிறது, இறங்க மறுக்கிறது. அது துப்பாக்கியும் இல்லை, அலறலும் இல்லை. அதற்குப் பெயர் வைக்க நான் முயலப்போவதில்லை. பெட்டிகளைக் கழித்துவிட்டு அந்த ஸ்வரத்தை யோசிக்க முடியாது. அதே பெட்டிகளை வாங்கி வரிசையாக வைத்தவர்களிடம் அது வரவுமில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1977-ல் ஜப்பானின் பாஸ் கம்பெனி கைக்கடக்கமான வர்ணப் பெட்டிகளை வெளியிட ஆரம்பித்தது. கோளாறு கடைச்சரக்காகி, ஆரஞ்சில், மஞ்சளில், நீலத்தில் கிடைத்தது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. யாப்பும் ஒரு காலத்தில் யாருடைய வாயிலோ நேர்ந்த பிசகாக இருந்திருக்கலாம். 1991-ல் ‘மை பிளடி வாலன்டைன்’ குழுவின் ‘லவ்லெஸ்’ வந்தபோது, இத்தனை விசித்திரத்துக்கு எத்தனை பெட்டிகளோ என்று எல்லோரும் எண்ணத் தொடங்கினார்கள். கெவின் ஷீல்ட்ஸ் பெரும்பாலும் செய்தது, கிதாரின் ட்ரெமோலோ கம்பியைப் பிடித்தபடியே மீட்டி, தந்திகளைச் சுருதியிலிருந்து நழுவவிட்டதுதான். கை அங்கே திரும்பி வந்திருந்தது. 1990-களில் ஸக்கரி வெக்ஸின் ‘ஃபஸ் ஃபேக்டரி’யில் ஐந்து குமிழ்கள், சில கோணங்களில் திருப்பினால், தந்தியைத் தொடாமலே பெட்டி தானாகக் கீச்சிடும்.

ஸ்னாடி 2018-ல், 96 வயதில் காலமானார். அவருடைய மூன்று ட்ரான்ஸிஸ்டர்களை இன்று கணிப்பொறிகள் எண்களாலேயே நகல் செய்கின்றன. ஜெர்மானியம் வெயிலில் சூடானால் குணம் மாறும். பாட்டரி தீரும் தறுவாயில் குரல் கம்மும். அந்தக் கம்மலை விரும்புகிறவர்களுக்காக, மின்சாரம் தாராளமாக இருக்கும்போதே பாட்டரி தீர்ந்துவருவதுபோல் நடிக்க வைக்கும் குமிழ் ஒன்றும் செய்து விற்கிறார்கள். முழுதும் திருப்பினால் கிதார் விக்கி விக்கிப் பேசி, வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுகிறது.