வயநாட்டுப் பொன்னும் இடிபொறி அமைப்பும்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, பொன்னைச் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகைப்படுத்துகின்றது. பொன்னின் வகையை இலக்கியம் கூறுகின்றது. கல்லினின்று பொன்னைப் பிரித்த தொழிலின் வரலாற்றையோ நிலத்திலும் அரசாங்க அறிக்கைகளிலும் தேடவேண்டியுள்ளது. நீலகிரியைச் சார்ந்த வயநாட்டுப் பகுதியில், தேவாலா, பந்தலூர் ஆகிய ஊர்களில் நிகழ்ந்த பொன்வேட்டை இத்துறையில் சிறந்ததொரு சான்றாகும். அம்முயற்சி வீழ்ந்தமைக்குப் பங்குச் சூதாட்டமே காரணம் என்பது பலரும் கூறும் முடிபு. அதனை மறுப்பதன்று நம் நோக்கம். கல்லின் இயல்பை அறியுமுன் இடிபொறியை நிறுவிய முறைகேடும் அதனோடு ஒத்த காரணம் என்பதே ஈண்டு நாம் நிறுவ முயல்வது.

ஐரோப்பியர் வருமுன்பே அங்குப் பழங்குழிகள் மிகுந்திருந்தன. குறும்பர் முதலிய மலைவாழ் மக்கள் வெண்கல் நரம்புகளை அகழ்ந்து, கல்லை உரலிலிட்டு இடித்து, பொடியை மரவையில் நீர்விட்டு அரித்துப் பொன்னெடுத்தனர். கையால் இடிப்போர் பயனற்ற கல்லை இடித்து உழைப்பை வீணாக்கார். ஆதலின், கல்லைத் தேர்தலே அவர்தம் தொழிலின் முதற்படியாக இருந்திருத்தல் வேண்டும் எனக் கருதுகின்றோம்.

கம்பெனிகள் கொணர்ந்த இடிபொறியும் அடிப்படையில் உரலும் உலக்கையுமே. சுழலும் தண்டின் பற்கள் இரும்புலக்கைகளைத் தூக்கி விடுக்கும்; ஐந்து உலக்கைகள் ஓரணியாய் நின்று, நீரோடு கூடிய கல்லை இடிக்கும். சல்லடை வழியே வெளிப்படும் குழம்பு, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓட, பொன் இரசத்தோடு ஒட்டும். கல் பருமனாக நின்றால் பொன் அதனுள் அடைபட்டுக் கிடக்கும். மிக நுண்ணிதாயின் பொன்துகள் நீரோடு மிதந்து போகும். ஆகவே கல்லின் கடினம், பொன்துகளின் அளவு, டன்னுக்குக் கிடைக்கும் பொன் ஆகிய மூன்றையும் அறிந்த பின்னரே உலக்கையின் எடை, சல்லடைக் கண்ணின் அளவு, அணிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வரையறுத்தல் இயலும்.

வயநாட்டில் இவ்வரிசை தலைகீழாயிற்று. 1875-இல் நிலவியல் துறையினராகிய வில்லியம் கிங் அப்பகுதி பற்றி எழுதினார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலராய் இருந்த பிரௌ சுமித், 1879-இல் ஆராய அமர்த்தப்பெற்று நம்பிக்கையூட்டும் அறிக்கை அளித்தார். தொடர்ந்து இலண்டனில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தோன்றின. அவை அறிவித்த முதல் நாற்பது இலட்சம் பவுனுக்குக் குறையாது. காப்பித் தோட்டங்கள் பொன்னிலம் என்ற பெயரால் பெருவிலைக்குக் கைமாறின. எஞ்சிய பணத்தில், நரம்பின் ஆழமும் தரமும் தெளியுமுன்னரே பொறிகள் மலையேறின.

பொன்னின் தரம் எத்துணை இன்றியமையாதது என்பதைக் கணக்கால் காட்டலாம். டன்னுக்கு 30 கிராம் பொன்னுள்ள கல்லாயின், இழப்பே இல்லையெனினும் ஒரு கிலோ பொன்னுக்கு ஏறத்தாழ 33 டன் இடித்தல் வேண்டும். 3 கிராமேயுள்ள கல்லாயின் 333 டன். இடிப்புச் செலவோ டன்னுக்கு ஒன்றே.

பிற்காலத்துச் சயனைடு முறை வந்திருப்பின் வயநாடு பிழைத்திருக்கும் எனச் சிலர் வாதிடக்கூடும். அம்முறை 1887-இல் உரிமம் பெற்றது. அது பரவிய பின், 1901-இல் வெளிவந்த ஹேடன், ஹாட்ச் ஆகியோரின் ஆய்வும் இலாபத்திற்கு இடமில்லை என்றே முடிந்தது. எனவே குறை பொறியினும் கல்லிலேயே மிகுதியாக இருந்தது என்பது தெளிவு.

அதே காலத்துக் கோலாரை இதனோடு ஒப்பிடுதல் தகும். அங்கும் தொடக்கத்தில் பணம் கரைந்து, மைசூர்க் கம்பெனி மூடும் நிலையை எய்தியது. ஆயினும் பழங்குழிகளின் கீழ் ஆழ அகழ்ந்து சாம்பியன் நரம்பைக் கண்ட பின்னரே அதன் ஆலைகள் பெருகின. 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் அங்கு வந்தது. வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களினின்று சென்ற தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அவ்வயலில் உழைத்தனர். 2001-இல் அது மூடப்படும் வரை நூற்றாண்டுக்கு மேல் பொன் கிடைத்தது.

கல்லை அறிந்து பொறி அமைத்தவிடத்தில் தொழில் நிலைத்தது; பொறி அமைத்துப் பின் கல்லைத் தேடியவிடத்தில் இரும்பே எஞ்சியது. உரலில் இடித்த மலைவாழ் மக்களின் அறிவைத் தொழில்நுட்ப வரலாற்றின் ஒரு பகுதியாகக் கொண்டு ஆராய்தல், இனி நம் ஆய்வாளர்க்கு உரிய கடமையாகும்.