பாண் இல்லாத பனிக்காலமும் ஒரு குழந்தை வைத்தியரும்

சீலியாக் எனும் குடல்நோயின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே கதையையே சொல்கின்றனர். 1944ஆம் ஆண்டின் இறுதியில் ஜேர்மனியப் படைகள் உணவுப் போக்குவரத்தைத் தடுக்க, மேற்கு ஒல்லாந்து பட்டினியில் வீழ்ந்தது. மக்கள் துலிப் கிழங்குகளை அவித்து உண்டனர். சுமார் 20,000 பேர் மாண்டனர். ஆனால், சீலியாக் நோயால் வாடிய குழந்தைகள் மட்டும் தேறினராம். பாண் மீண்டும் கிடைத்ததும் அவர்கள் நோயில் விழுந்தனராம். அதைக் கண்ட வில்லெம் டிக்கே என்ற வைத்தியர் உண்மையை உணர்ந்தாராம்.

பத்திரிகைக்காரனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்காது. எனினும் இது பாதிக் கதையே.

வீங்கிய வயிறு, மெலிந்த கைகால்கள், வெளிறிய துர்நாற்ற மலம், நின்றுபோன வளர்ச்சி. இக்குழந்தைகளை லண்டன் வைத்தியர் சாமுவேல் கீ 1888இல் தெளிவாக விவரித்திருந்தார். குணம் உண்டென்றால் அது உணவாலேயே வரும் என்பது அவர் முடிவு. அவர் கண்ட ஒரு குழந்தை ஒல்லாந்துச் சிப்பிகளை நாள்தோறும் உண்டு தேறியது. சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நோயுற்றது. மாப்பண்டங்களைக் குறைக்கச் சொன்ன அதே கீ, மெல்லியதாக வாட்டிய பாணை அனுமதித்தார். விடையின் வாசலில் நின்றே அவர் திரும்பிவிட்டார் என்பேன்.

1924இல் நியூயோர்க்கின் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவை முன்வைத்தார். பல குழந்தைகள் பிழைத்தனர். புகழ் முழுவதும் வாழைப்பழத்துக்கே போயிற்று. தட்டில் இல்லாத பாணை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. குணமடைந்ததாகக் கருதப்பட்ட பிள்ளைகளுக்குப் பழைய உணவு மீண்டும் கொடுக்கப்பட்டது.

ஹேக் நகரின் யூலியானா சிறுவர் வைத்தியசாலையில் பணியாற்றிய டிக்கே, கோதுமையின் மீது 1930களிலேயே ஐயம் கொண்டிருந்தார். பாண் நீக்கிய உணவு பற்றி 1941இல், அதாவது பஞ்சத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, எழுதியும் விட்டார். பஞ்சம் அவருக்கு எதையும் கற்பிக்கவில்லை. அவருடைய ஐயத்தை வலுப்படுத்தியது, அவ்வளவே. 1974இல் பாணுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்ற எமது தலைமுறைக்கு, பாண் இல்லாமையால் ஒரு குழந்தை பிழைத்தது என்பது விநோதமாகவே ஒலிக்கும்.

உண்மையான வேலை யுத்தத்தின் பின்னரே நிகழ்ந்தது. ஒரே குழந்தைக்குக் கோதுமையைக் கொடுப்பது, நிறுத்துவது, மீண்டும் கொடுப்பது; ஒவ்வொரு கட்டத்திலும் எடையையும் மலத்தில் வெளியேறும் கொழுப்பையும் அளப்பது. வெய்யர்ஸ், வான் டி காமர் ஆகியோர் அவருக்குத் துணைநின்றனர். கோதுமையும் ரையும் தீங்கு செய்தன. அரிசியும் சோளமும் செய்யவில்லை. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் டிக்கே இதை நிறுவினார். 1952இல் பேர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் குற்றவாளி கோதுமையின் குளூட்டன் என்று காட்டினர்.

1950களின் பிற்பகுதியில், வாய்வழியே குழாயைச் செலுத்திச் சிறுகுடலின் துணுக்கை எடுத்துப் பார்க்கும் முறை வந்தது. தட்டையாகிப்போன குடலுறிஞ்சிகளைக் கண்ணால் காண முடிந்தது. இன்று இரத்தப் பரிசோதனையே முதற்படி. பெற்றோர் பலர் இதில் இடறுகின்றனர்: ஐயம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிடுகின்றனர். குளூட்டன் உடலில் சேராவிட்டால் பரிசோதனை நோயைக் காட்டாமற் போகக்கூடும். ஆகவே முதலில் பரிசோதனை, பிறகே உணவு மாற்றம்.