தூதரகப் பணிக்குக் குடும்பமாகப் போகும்போது: அடிஸ் அபாபாவில் நாங்கள் கற்றவை

2009ஆம் ஆண்டு மாத்தளனை விட்டு வெளியேறியபோது பொதி கட்ட எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். பல ஆண்டுகள் கழித்து, என் கணவருக்கு எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் பணி கிடைத்தபோது மூன்று மாதம் அவகாசம் இருந்தது. அந்த மூன்று மாதமும் போதவில்லை.

அவர் தூதுவர் அல்ல, முகாமைத்துவ உதவியாளர். தூதரகத்தில் கணக்கு, கோவை, கடவுச்சீட்டு வேலைகளைப் பார்ப்பவர்கள் இவர்கள்தான். எங்களைப் போலப் புறப்படும் குடும்பங்களுக்கும், வேறு காரணங்களுக்காக வெளிநாடு செல்பவர்களுக்கும் உதவும் என்பதால் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

சட்டம் தருவதும் தராததும்

தூதரகப் பணியாளர்களுக்கும் அவர்களோடு வாழும் குடும்பத்தினருக்கும் உள்ள பாதுகாப்பை 1961ஆம் ஆண்டின் இராஜதந்திர உறவுகள் பற்றிய வியன்னா சமவாயம் சொல்கிறது. அதன் 37ஆம் உறுப்புரை நிர்வாக, தொழினுட்பப் பணியாளர்களின் குடும்பங்களையும் உள்ளடக்குகிறது. ஆனால் இராஜதந்திரிக்கு உள்ள சலுகை முழுவதும் இவர்களுக்கு இல்லை. முக்கியமாக, சுங்க வரி விலக்கு முதற்தடவை குடியேறும்போது கொண்டுவரும் பொருட்களுக்கு மட்டுமே. எனவே தையல் இயந்திரமோ பிள்ளைகளின் மேசையோ, தேவையானதை முதலிலேயே பட்டியலிட்டு அனுப்ப வேண்டும்.

“குடும்பம்” என்றால் யார் யார் என்று சமவாயம் வரையறுக்கவில்லை. 18 வயது கடந்த பிள்ளையும் வயதான பெற்றோரும் அதில் சேர்வார்களா என்பது போகும் நாட்டைப் பொறுத்தது. மனைவியோ கணவரோ அங்கே வேலை செய்யலாமா என்பதும் அப்படியே. இரண்டையும் புறப்படுமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. அங்கே போன பிறகுதான் என் ஆசிரியர் தொழிலைத் தொடர முடியாது என்று தெரிந்தது.

ஆவணங்கள்

எங்களைப் போன்றவர்களுக்கு மிகப் பெரிய சிக்கல் இதுதான். என் பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்தது. பிறகு எடுத்த பிரதியில் என் பெயரின் ஆங்கில எழுத்து ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, திருமணச் சான்றிதழில் வேறொரு மாதிரி. உள்ளூரில் இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. வெளிநாட்டு விசா அலுவலருக்கு இவர்கள் மூன்று வேறு ஆட்கள்.

ஆகவே முதல் வேலையாக எல்லா ஆவணங்களையும் ஒரு மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். திருத்தம் தேவையானால் பிரதேச செயலகத்தில் உடனே தொடங்குங்கள், அதற்கு மாதக்கணக்கில் செல்லும். பின்னர் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். இதற்குக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை, யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் தடுப்பூசி அட்டையையும் மறவாதீர்கள்.

உடல்நலம்

எத்தியோப்பியா மஞ்சட்காய்ச்சல் ஆபத்துள்ள நாடு. அதற்கான ஊசியை ஒரு தடவை போட்டால் போதும், 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும். ஆனால் ஊசி போட்டுப் பத்து நாட்களின் பின்னரே அது செல்லுபடியாகத் தொடங்கும். விடுமுறையில் ஊர் திரும்பும்போதும் அந்த அட்டை கையில் இருக்க வேண்டும்.

வன்னியில் மலேரியாவில் நடுங்காத வீடு இல்லை. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அடிஸ் அபாபா உயரமான நகரம் என்பதால் அங்கும் அந்தப் பயம் இல்லை. ஆனால் தாழ்நிலங்களுக்குப் பயணம் செய்தால் தடுப்பு மருந்து வேண்டும். ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்தால் “ஆபிரிக்காவில் இருந்து வந்தோம்” என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

நேரம், எழுத்து, அடுப்பு

அங்கே நாள் காலை ஆறு மணியில் தொடங்குகிறது. நமது ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. முதல் வாரம் தண்ணீர்க் குழாய் திருத்துபவர் “மூன்று மணிக்கு வருகிறேன்” என்றார். பின்னேரம் வரை காத்திருந்தேன். அவர் காலை ஒன்பது மணிக்கே வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருந்தார், நான் சந்தையில் நின்றேன். அவர்களின் ஆண்டுக்கு 13 மாதங்கள், புத்தாண்டு செப்டெம்பர் 11இல் வரும். ஆண்டுக் கணக்கோ நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால். வாடகை ஒப்பந்தத்தில் எந்த நாட்காட்டி என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

அம்ஹாரிக் எழுத்து எங்களுக்கு எதிர்பாராத ஆறுதல். ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிர்களோடு சேர்ந்து உருமாறுகிறது. நமது உயிர்மெய் அட்டவணை போலவே சுவரில் ஒட்டினோம். மகள் இரண்டு மாதத்தில் கடைப் பலகைகளை வாசித்தாள்.

நகரம் சுமார் 2,350 மீற்றர் உயரத்தில், நுவரெலியாவைவிட மேலே இருக்கிறது. தண்ணீர் 92 பாகை அளவிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. பிரஷர் குக்கர் இல்லாமல் போகாதீர்கள். கம்பளி உடுப்பும் அவசியம். தெஃப் மாவைப் புளிக்க வைத்துச் சுடும் இஞ்செரா, தோசைக்குப் பழகிய நாக்குக்கு அந்நியமில்லை. புதன், வெள்ளிகளில் அங்குள்ள ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவர்கள் இறைச்சியும் பாலும் தவிர்ப்பதால் மரக்கறி உணவு தாராளமாகக் கிடைக்கும். மிளகாய்த்தூள் மட்டும் ஊரில் இருந்துதான்.

பிள்ளைகள்

தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளை திடீரென ஆங்கில வகுப்பில் அமர்வது பெரிய அடி. மகன் மூன்று மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. புறப்படுமுன் ஆறு மாதமாவது ஆங்கிலத்தில் பேசப் பழக்குங்கள். தமிழையும் விட்டுவிடாதீர்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாக உள்ளன. திரும்பி வந்து சாதாரண தரம் எழுதப்போகும் பிள்ளைக்கு அவை கட்டாயம்.

ஒருநாள் மகன் கேட்டான்: “உங்கட நாட்டில சண்டை நடந்ததோ எண்டு கேக்கினம். அப்பா தூதரகத்தில வேலை. நான் என்ன சொல்ல?” நானும் கணவரும் இரவு முழுவதும் பேசினோம். அரசின் சார்பில் பேசுவது பிள்ளையின் வேலை அல்ல, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்வதில் தவறும் இல்லை என்று முடிவெடுத்தோம். “மாமா காணாமல் போனவர், அம்மம்மா தேடுறா எண்டு சொல்லு” என்றேன். அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த பிள்ளை திக்ரேயைச் சேர்ந்தவன். அவர்களின் போர் 2022 நவம்பரில்தான் உடன்படிக்கையோடு ஓய்ந்தது. அவனுக்கும் ஒரு மாமாவைக் காணவில்லையாம்.

இந்தக் கேள்வி எந்த நாட்டிலும் வரும். பதிலைப் புறப்படுமுன்னரே வீட்டில் பேசிவையுங்கள்.

விட்டுச் செல்பவர்கள்

அம்மா வரவில்லை. “அவன் வந்தால் வீட்டில ஆள் இருக்கவேணும்” என்றா. வற்புறுத்துவதை விட்டு, அவவுக்கான ஏற்பாடுகளைச் செய்தோம். காணிக்கும் வங்கிக்கும் தங்கையின் பெயரில் அற்றோணித் தத்துவம் எழுதினோம். தம்பியின் கோவையை, முறைப்பாட்டு இலக்கங்கள், கடிதங்கள், படம் எல்லாவற்றோடும் மூன்று பிரதிகள் எடுத்தோம். ஒன்று அம்மாவிடம், ஒன்று தங்கையிடம், ஒன்று எங்கள் கைப்பையில்.

நேர வித்தியாசம் இரண்டரை மணி. ஒவ்வொரு நாளும் ஊரில் இரவு ஏழுக்கு, எங்களுக்கு மாலை நாலரைக்கு, அழைப்போம். தொலைபேசி நிறுவனம் புதிய இலக்கத்துக்கு மாறினால் சலுகை என்றது. அம்மா மாற்றவில்லை. காணாமற்போனோர் படிவங்களில் எழுதிக்கொடுத்தது அந்தப் பழைய இலக்கம். அந்த சிம்முக்கு இங்கிருந்து மாதாமாதம் பணம் போடுவதையும் எங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம்.